ஒரு குட்டி மலை ஊரும் ஒரு சிட்டிகை உப்பும்

சுவிட்சர்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு சினிமா டூயட்தான் ஞாபகத்துக்கு வரும். பனி மூடிய சிகரம், பச்சைப் புல்வெளி, நடுவில் சேலைத் தலைப்பு பறக்க ஓடி வரும் கதாநாயகி! போய் வந்தவர்களைக் கேட்டாலோ சாக்லேட், கைக்கடிகாரம், பனிச் சறுக்கு என்று அடுக்குவார்கள். நான் சொல்லப்போகும் ஊர் இந்தப் பட்டியல் எதிலும் சேராது. அதன் பெயர் கிரேஹென். மொத்த ஜனத்தொகையே 1,300 பேர் சுமார்தான். எங்கள் ஊரில் இரண்டு தெருவைச் சேர்த்தால் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஆனால் சகோதரிகளே, நீங்களும் நானும் தினமும் அடுப்படியில் அள்ளிப் போடுகிறோமே உப்பு, அதற்கும் இந்தக் குட்டி ஊருக்கும் ஒரு பெரிய சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் பாஸல் நகரத்தில் வேலை பார்க்கிறார்கள். "சித்தி, சித்தப்பாவையும் கூட்டிக்கிட்டு ஒரு தடவை வந்துட்டுப் போங்களேன்" என்று வருஷக்கணக்காய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்ற செப்டம்பரில் நானும் என் கணவரும் கிளம்பிவிட்டோம். புகழ்பெற்ற மாட்டர்ஹார்ன் சிகரத்தைக் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதன் அடிவாரத்தில் இருக்கும் செர்மாட்டில் தங்க அறை வாடகை கேட்டால் மயக்கமே வந்துவிடும். அதனால் அதே பள்ளத்தாக்கில் கொஞ்சம் முன்னாலேயே இருக்கும் கிரேஹெனில், ஒரு பாட்டியம்மா வாடகைக்கு விடும் மாடிப் பகுதியை நான்கு நாளைக்கு எடுத்திருந்தாள். சிக்கனத்துக்காகப் போன இடம், கடைசியில் எனக்கு மாட்டர்ஹார்னைவிட அதிகமாகப் பிடித்துப்போனது.

மலை ஏறும் ரயில்

பாஸலில் இருந்து விஸ்ப் என்ற ஊர் வரை ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். நடுவில் ஒரு நீண்ட குகை வருகிறது. லோட்ச்பெர்க் அடிவாரச் சுரங்கம் என்று பெயர். 34 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2007-ல் திறந்தார்கள். இந்தப் பக்கம் மழைத் தூறலில் உள்ளே நுழைந்த ரயில், அந்தப் பக்கம் சுள்ளென்ற வெயிலில் வெளியே வந்தது. அந்தப் பக்கம்தான் வாலிஸ் மாநிலம். சுவிட்சர்லாந்தின் 26 மாநிலங்களில் அதுவும் ஒன்று. ரோன் நதி அதன் நடுவே ஓடுகிறது.

விஸ்பில் சிவப்பு நிறச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். 1891-ல் செர்மாட் வரை போட்டு முடித்த மீட்டர் கேஜ் பாதை இது. செங்குத்தான இடங்களில் தண்டவாளத்துக்கு நடுவே பல் பல்லாக ஒரு இரும்புப் பட்டை. அதைப் பற்றிக்கொண்டு ரயில் ஏறுகிறது. "நம்ம ஊட்டி ரயில் மாதிரியே இருக்கே!" என்றார் என் கணவர். மாதிரி என்ன, இரண்டும் ஒரே 'ஆப்ட்' முறைதான். ஊட்டி மலை ரயிலை இழுத்த நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்து வந்தவைதானாம். மாப்பிள்ளை சொன்னார்.

சாங்க்ட் நிக்லவுஸ் நிலையத்தில் இறங்கினோம். அங்கே தேவாலயக் கோபுரத்தின் உச்சி வெங்காயம் போல உப்பி இருக்கிறது. அதிலிருந்து மஞ்சள் நிற பஸ். கொண்டை ஊசி வளைவுகளில் அது திரும்பத் திரும்ப எனக்கு அடிவயிறு கலங்கிற்று. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளோ பள்ளத்தைப் பற்றிக் கவலையே இல்லாமல் புத்தகம் படித்துக்கொண்டு வந்தார்கள். ஏறக்குறைய 500 மீட்டர் ஏறியதும் பஸ் ஒரு சமதளத்தில் போய் நின்றது. அதுதான் கிரேஹென்.

மலைக்கு மடி கட்டிய ஊர்

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,620 மீட்டர் உயரம். மலைச்சரிவில் யாரோ மடி கட்டி வைத்தாற்போல ஒரு பரந்த தட்டு. அதில் புல்வெளிகள், மர வீடுகள், நடுவில் தேவாலயம், ஒரு சின்ன ஏரி, சுற்றிலும் லார்ச் மரக் காடு. எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் வைஸ்ஹார்ன் சிகரம், 4,500 மீட்டர். பின்பக்கம் மிஷாபெல் மலைக்கூட்டம். அதிலுள்ள டோம் என்ற 4,545 மீட்டர் சிகரம்தான் முழுக்க முழுக்க சுவிட்சர்லாந்துக்குள்ளேயே இருக்கும் மலைகளில் உயரமானது. அந்த மலைக்கூட்டத்திலிருந்து ரீட் என்ற பனியாறு இறங்கி வருகிறது.

பழைய மர வீடுகள் வெயிலில் காய்ந்து காய்ந்து தோசைக்கல் போலக் கறுத்துக் கிடக்கின்றன. தானியக் களஞ்சியங்களைப் பார்த்து நான் அசந்துபோனேன். நாலு மரக்கால், ஒவ்வொரு காலின் தலையிலும் ஆட்டுக்கல் போன்ற வட்டமான தட்டைக் கல், அதன் மேல்தான் களஞ்சியம். எலி காலில் ஏறினாலும் அந்தக் கல்லைத் தாண்ட முடியாது! உள்ளே இருப்பது கம்புமில்லை, கேழ்வரகுமில்லை. 'ரை' என்னும் தானியம். அதில்தான் இந்த ஜனங்கள் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பொது அடுப்பில் வருஷத்துக்கு ஒரு சில தடவைதான் சுடுவார்களாம். மாசக்கணக்கில் அது வைத்துச் சாப்பிட வேண்டிய ரொட்டி. கல் மாதிரி ஆகிவிடும் என்று பாட்டியம்மா சிரித்தார்.

இத்தனை பனிமலைக்கு நடுவே இருந்தும் இந்தப் பக்கம் மழை குறைவு. மேகம் கொண்டுவரும் மழையை இரண்டு பக்கத்து மலைகளும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கீழே உள்ள ஸ்டால்டன் பகுதி சுவிட்சர்லாந்திலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. நம்ம சென்னைக்குக் கிடைக்கும் மழையில் பாதிகூட இல்லை!

அப்படியானால் புல் எப்படி இத்தனை பச்சை? அதுதான் இந்த ஊர்க்காரர்களின் சாமர்த்தியம். பனியாற்றிலிருந்து உருகி வரும் தண்ணீரை மலை இடுக்கில் வாய்க்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சுவோனன் என்று பெயர். கிரேஹெனில் இப்படி நான்கு வாய்க்கால்கள். எகெரி, ஹில்ஹெரி, ட்ரீரி, பீனெரி என்று நான்குக்கும் செல்லப் பெயர். வாய்க்கால் ஓரமாகவே ஒற்றையடிப் பாதை. செப்டம்பர் வெயிலில் அந்தச் சலசலப்பைக் கேட்டுக்கொண்டு நடந்தபோது எனக்கு ஸ்ரீவைகுண்டம் வாய்க்கால் கரைதான் ஞாபகம் வந்தது.

தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கும் வாலிஸில் கணக்கு உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அடையாளம். அதை மரத்துண்டில் செதுக்கி, பங்கைக் கோடாக வெட்டி வைப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் முறையைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஐரோப்பாவின் இந்த மாதிரிப் பழைய பாசன முறைகளை 2023-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் அந்தப் பனியாறுதான் இப்போது வருஷா வருஷம் பின்வாங்குகிறது. 2022, 2023 ஆகிய இரண்டே வருஷங்களில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் பத்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டன. இதே மாநிலத்தில் பிளாட்டன் என்ற கிராமத்தின் மேல் 2025 மே 28-ஆம் தேதி பனியாறும் பாறையும் சரிந்து விழுந்து, ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டன. முன்கூட்டியே ஜனங்களை வெளியேற்றியதால் முந்நூறு உயிர்கள் தப்பின. மலை அழகுதான், ஆனால் அதன் கீழ் குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. 1855 ஜூலையில் இதே பள்ளத்தாக்கை உலுக்கிய பூகம்பத்தை இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆடு மேய்த்த பிள்ளை

இந்த ஊரில் 1499-ல் ஒரு குழந்தை பிறந்தது. தோமாஸ் பிளாட்டர் என்று பெயர். அப்பா சீக்கிரமே தவறிவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டாள். பிள்ளை உறவினர் வீடுகளில் வளர்ந்து, சின்ன வயதிலேயே ஆடு மேய்க்கப் போனான். வாலிஸ் ஆடுகள் பார்க்க வேடிக்கையாக இருக்கும். முன்பாதி கறுப்பு, பின்பாதி வெள்ளை. அவை ஏறும் பாறையில் மனுஷக் குழந்தை ஏறினால் என்ன ஆகும்? எத்தனையோ தடவை உயிர் பிழைத்ததே பெரிது என்று பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு படிப்புக்காக ஊரைவிட்டுக் கிளம்பி, ஜெர்மனி தேசமெல்லாம் பிச்சையெடுத்துத் திரிந்து, பதினெட்டு வயதில்தான் ஒழுங்காகப் பாடம் படிக்க ஆரம்பித்தார். கயிறு திரிக்கும் தொழிலும் கற்றார். கடைசியில் பாஸல் நகரத்தில் அச்சகம் வைத்து, அங்கே பள்ளித் தலைமையாசிரியராகவும் ஆனார். 1572-ல் தன் வாழ்க்கையை எழுதினார். அந்தக் காலத்து ஏழைச் சிறுவனின் வாழ்க்கையை அவனே சொல்லும் புத்தகம் என்பதால் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அவர் மகன் ஃபெலிக்ஸ் பிளாட்டர் பாஸலின் பெரிய வைத்தியர். 1602-ல் வெளியான தன் மருத்துவ நூலில் அவர் ஒரு பரிதாபமான காட்சியைப் பதிந்து வைத்தார். அப்பாவின் சொந்த மாநிலமான வாலிஸில் சில ஊர்களில் கழுத்தில் பெரிய கட்டியோடும், புத்தி வளர்ச்சி இல்லாமலும், பேச்சு வராமலும் இருக்கும் குழந்தைகளைப் பற்றியது அது. காரணம் என்னவென்று அப்போது உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிய இன்னும் முந்நூறு வருஷம் ஆகும்.

கழுத்தை மறைத்த பாட்டிகள்

எங்கள் வீட்டுப் பாட்டியம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். அவர் வீட்டுக் கூடத்தில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அதில் ஒரு அம்மாள் கழுத்து வரை மூடிய சட்டையும், அதற்கு மேல் ஒரு துணிப் பட்டையும் கட்டியிருந்தாள். "குளிருக்கா?" என்று கேட்டேன். அக்கா மகள் ஜெர்மன் மொழியில் கேட்டுச் சொன்னாள்: "இல்லை சித்தி. அது அவங்க பாட்டியாம். கழுத்துல கட்டி இருந்ததாம். அதை மறைக்கத்தான்."

நாம் முன்கழுத்துக் கழலை என்று சொல்கிற நோய்தான் அது. கழுத்தின் முன்பக்கம் தைராய்டு என்ற சுரப்பி, பட்டாம்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அது வேலை செய்ய அயோடின் என்ற சத்து வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கிராமில் லட்சத்தில் பதினைந்து பங்குதான் தேவை! அதுவும் கிடைக்காவிட்டால் சுரப்பி என்ன செய்யும்? இருப்பதையாவது பிடித்து வைப்போம் என்று தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். அதுதான் கட்டி. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வரும். கர்ப்பிணித் தாய்க்குக் கடுமையான அயோடின் குறை இருந்தால், வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். பிறகு என்ன மருந்து கொடுத்தாலும் அதைத் திருப்ப முடியாது. ஃபெலிக்ஸ் பிளாட்டர் கண்டது அந்தக் குழந்தைகளைத்தான்.

சரி, இந்த ஊர்களில் மட்டும் ஏன்? பனியுகத்தில் பனியாறுகள் மலையின் மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போயின. மிச்சம் இருந்த அயோடினையும் மழையும் உருகிய பனியும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. மண்ணில் இல்லையென்றால் புல்லில் இல்லை, பாலில் இல்லை, ரொட்டியிலும் இல்லை. தண்ணீரைத் தந்து ஊரை வாழவைத்த அதே பனியாறுதான் இந்தக் குறையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் கெட்டிக்கார டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. பெர்ன் நகரத்தில் தியோடர் கோஹர் என்ற அறுவை நிபுணர் ஆயிரக்கணக்கான கழுத்துக் கட்டிகளை அறுத்து எடுத்தார். சுரப்பியை அடியோடு எடுத்துவிட்டால் நோயாளி மந்தமாகி, உடல் வீங்கி, புத்தி குன்றிப் போகிறார் என்பதை 1883-ல் அவரே கண்டுபிடித்துச் சொன்னார். 1909-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் கத்தியால் எத்தனை பேரைக் குணப்படுத்த முடியும்? வருஷா வருஷம் புதிதாகக் கழுத்து வீங்கிக்கொண்டே இருந்தது.

கோவேறு கழுதை சுமந்த மருந்து

கிரேஹென் இருக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்த்துவந்தவர் ஒட்டோ பயார்ட். பெரிய ஆஸ்பத்திரி, ஆராய்ச்சிக்கூடம் எதுவும் அவரிடம் கிடையாது. வீடு வீடாக நடந்து போகும் கிராமத்து டாக்டர். அயோடின் குறைவுதான் கழலைக்குக் காரணம் என்று ஹுன்ட்சிக்கர் என்ற இன்னொரு ஊர் டாக்டர் 1914-ல் எழுதியிருந்தார். பெரிய நிபுணர்கள் அதை நம்பவில்லை. அயோடின் விஷம், கொடுத்தால் படபடப்பு வந்து ஆள் போய்விடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டு. அதற்கு முன் அளவு தெரியாமல் அயோடினை அள்ளிக் கொடுத்துப் பலர் அவஸ்தைப்பட்டிருக்கிறார்கள்.

அளவுதானே பிரச்னை? மிகமிகக் கொஞ்சமாகக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார் பயார்ட். அந்தக் கொஞ்சத்தை எப்படிக் கொடுப்பது? மாத்திரை என்றால் மறந்துவிடுவார்கள். ஏழை, பணக்காரன், குழந்தை, கிழவி எல்லாரும் தினமும் தவறாமல், ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் பொருள் எது? உப்பு!

1918-ஆம் வருஷத்துக் குளிர்காலம். அந்த நாளில் குளிர்காலம் வந்தால் கிரேஹெனுக்கும் வெளியுலகத்துக்கும் தொடர்பே அற்றுப்போகும். அங்கே பள்ளிக் குழந்தைகளில் நாலில் மூன்று பேருக்குக் கழுத்தில் கட்டி இருந்தது. டாக்டர் சமையல் உப்பில் அயோடின் சேர்ந்த ரசாயனத்தைத் தன் கையாலேயே மண்வெட்டியால் கலந்தார். ஒரு கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். அதைக் கோவேறு கழுதை மேல் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தார். ஐந்து குடும்பங்களுக்குக் கொடுத்தார். அவர்கள் வழக்கம்போலச் சமைத்தார்கள், வழக்கம்போல ரொட்டி சுட்டார்கள். பனிக்காலம் முடிந்து பார்த்தபோது குழந்தைகளின் கழுத்துக் கட்டிகள் சுருங்கியிருந்தன. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை!

அடுத்தபடியாக இன்னும் அதிகம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் அதேதான். அப்புறம் விஷயம் வேகம் பிடித்தது. 1922-ல் அரசாங்கம் ஒரு கழலைக் கமிஷனை அமைத்தது. அது நாடு முழுவதற்கும் அயோடின் உப்பைச் சிபாரிசு செய்தது, கிலோவுக்கு 3.75 மில்லிகிராம் அயோடின். அதே வருஷம், நாட்டின் இன்னொரு மூலையிலிருக்கும் அப்பென்செல் அவுஸர்ரோடன் மாநிலத்தில், எக்கன்பெர்கர் என்ற டாக்டர் ஜனங்களிடம் கையெழுத்து வாங்கி, எல்லா மாநிலங்களுக்கும் முன்னதாக அந்த உப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1930-க்குப் பிறகு, அயோடின் குறையால் புத்தி குன்றிப் பிறந்த குழந்தை என்று சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஃபெலிக்ஸ் பிளாட்டர் எழுதி வைத்த துயரம், அவர் அப்பா பிறந்த ஊரிலிருந்து புறப்பட்ட உப்பால் தீர்ந்தது.

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தோன்றிற்று. அந்த ஐந்து வீட்டிலும் உப்பை வாங்கி அடுப்பங்கரையில் வைத்து, அளந்து போட்டுச் சமைத்தது யார்? பெண்கள்தானே! டாக்டர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தாய்மாரின் பெயர் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. இத்தனைக்கும் அன்றைக்கு சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுப் போடும் உரிமைகூடக் கிடையாது. தேசம் முழுவதற்கும் அது வந்தது 1971-ல்தான். அயோடின் உப்பை முதலில் விற்ற அதே அப்பென்செல் அவுஸர்ரோடன், மாநில விஷயங்களில் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது 1989-ல்! உப்பைத் தரச் சம்மதித்தவர்கள் உரிமையைத் தர இன்னும் 67 வருஷம் யோசித்திருக்கிறார்கள்.

உப்பளத்து ஊர்க்காரி ஒருத்தியின் யோசனை

நான் வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடியில். ஊரைச் சுற்றி உப்பளம். கோடையில் வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரம் குவிந்து கிடப்பதைப் பார்த்துத்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். "கடல் உப்பு இருக்க நமக்கெதுக்கு பாக்கெட் உப்பு?" என்று எங்கள் தெருவில் பலரும் கேட்பார்கள். கடலில் அயோடின் இருப்பது வாஸ்தவம். ஆனால் கடல் தண்ணீரைக் காயவைத்து எடுத்த உப்பில் அது ஏறக்குறைய தங்குவதே இல்லை. வெளியிலிருந்து சேர்த்தால்தான் உண்டு.

நம் தேசத்திலும் இமயமலை அடிவாரம் முழுக்கக் கழலை இருந்தது. டாக்டர் ராமலிங்கசுவாமி 1956 முதல் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்து, பலனை நிரூபித்தார். 1962-ல் அரசாங்கத் திட்டம் வந்தது. 2006 முதல், நேரடியாக மனிதர் சாப்பிட விற்கும் உப்பில் அயோடின் சேர்த்திருக்க வேண்டும் என்பது நாடு முழுவதும் சட்டம். கடைக்கு வரும்போது ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

ஆனால் 2018-19-ல் நாடெங்கும் எடுத்த கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுவதும் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே நாம்தான் கடைசி! தேசத்துக்கே உப்பு காய்ச்சிக் கொடுக்கும் நாம் கடைசி என்பதைப் படித்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது.

அதனால் நாம் செய்யக்கூடியது இவ்வளவுதான். வாங்கும்போது பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல் உப்புதான் பிடிக்கும் என்றால் அதிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பிரித்த உப்பை மூடி போட்ட ஜாடியில், ஈரமும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் வையுங்கள். கூடியவரை சமையல் இறக்கும் சமயத்தில் போடுங்கள். அயோடின் வேண்டும் என்று உப்பை அதிகம் போடக் கூடாது. பெரியவர்களுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அயோடின் தேவை கூடுதல். ஏற்கெனவே தைராய்டுக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டு நடப்பதே நல்லது.

சுவிட்சர்லாந்திலும் இந்த வேலை முடிந்துபோய்விடவில்லை. உப்பில் சேர்க்கும் அயோடின் அளவைச் சிறுகச் சிறுக உயர்த்தி, 2014-ல் கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஆக்கியிருக்கிறார்கள். கடையில் இரண்டு வகையும் உண்டு. எதை வாங்குவது என்பது குடும்பத் தலைவியின் விருப்பம். எங்கள் பாட்டியம்மாவின் உப்பு டப்பாவை அக்கா மகள் எடுத்துப் படித்தாள். அயோடின் போட்டதுதான். "வேறே உப்பு வாங்கினால் சுவரில் இருக்கும் பாட்டி கோபித்துக்கொள்வாள்" என்றார் அந்த அம்மாள், சிரிக்காமலே.

போகிறவர்களுக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை நடப்பதற்கு நல்ல காலம். டிசம்பர் முதல் பனிச் சறுக்குக்காக வருகிறார்கள். இன்று ஊருக்கு வருமானமே சுற்றுலாதான். ஹன்னிக் ஆல்ப் என்ற மேட்டுக்குக் கம்பி வண்டியில் போகலாம். 2,100 மீட்டருக்கு மேல் உயரம். குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் இருக்கிறது. காலில் வலுவுள்ளவர்கள் அங்கிருந்து ஸாஸ் ஃபீ வரை மலைப்பாதையில் நடக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க ஆகுமாம். நாங்கள் வாய்க்கால் கரையோடு நிறுத்திக்கொண்டோம். பேசுவது ஜெர்மன் மொழிதான் என்றாலும் வாலிஸ் பேச்சு தனி. ஜெர்மன் படித்த அக்கா மகளே சில சமயம் விழித்தாள். வெங்காயமும் பச்சை மிளகாயும் நான் கையோடு கொண்டுபோயிருந்ததால், ரை ரொட்டிக்கு உருளைக்கிழங்கு மசாலா தொட்டுச் சாப்பிட்டோம். பாட்டியம்மாவும் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்!

மாட்டர்ஹார்னையும் ஒரு நாள் போய்ப் பார்த்தோம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்க்க உலகமே வருகிறது. கிரேஹெனில் பார்க்க எந்த ஞாபகச் சின்னமும் எனக்குத் தென்படவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு தேவாலயத்தைச் சுற்றி ஓடினார்கள். அத்தனை பேரின் கழுத்தும் சங்கு போல மழமழவென்று இருந்தது. அந்த ஊரில் நான் பார்த்த காட்சிகளில் அதுதான் முதன்மையானது.